மதியம் சாப்பிட்ட சோறு எங்கே போகிறது? செரிமானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதியம் ஒரு மணிக்கு ஒருவர் சோறு, பருப்பு, நெய், சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், கடைசியில் தயிர் என்று சாப்பிட்டுக் கை கழுவுகிறார். அந்தச் சாப்பாடு உடம்புக்குள் போகிற வழியிலேயே கேள்விகளையும் அடுக்கியிருக்கிறேன். செரிமானம் என்றதும் பலருக்கும் இரைப்பைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் பெரிய வேலை நடப்பது அதற்குக் கீழே, சிறுகுடலில். இது தெரியாததால்தான் பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்பது போன்ற ஆபத்தான நம்பிக்கைகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன.

கேள்வி: செரிமானம் எந்த இடத்தில் தொடங்குகிறது?

வாயில். இன்னும் சொல்லப்போனால் அதற்கும் முன்பே. சாம்பார் கொதிக்கும் வாசனை வந்ததும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. அதே நேரத்தில் இரைப்பையும் அமிலம் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. சாப்பாடு வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே தகவல் அனுப்பிவிடுகிறது.

மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 1 முதல் 1.5 லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றன. அதில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, சோற்றில் உள்ள மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்க ஆரம்பிக்கிறது. வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றுகொண்டே இருந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். நொதி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது.

பல்லின் வேலையையும் குறைத்து நினைக்கக் கூடாது. வாய்க்குக் கீழே எந்த உறுப்புக்கும் பல் இல்லை. சரியாக மெல்லாமல் விழுங்கிய சோளமணி தோலோடு அப்படியே வெளியே வருவது இதனால்தான்.

கேள்வி: புரை ஏறுவது ஏன்? அப்போது தலையில் தட்டலாமா?

தொண்டையில் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பி, அதன் மூடி மூச்சுக்குழாய் வாயை அடைத்துக்கொள்கிறது. மூச்சும் ஒரு கணம் நிற்கிறது. சாப்பிட்டுக்கொண்டே பேசினாலோ சிரித்தாலோ இந்த ஒழுங்கு தப்பி, ஒரு பருக்கையோ ஒரு சொட்டுத் தண்ணீரோ தவறான வழியில் போய்விடுகிறது. அதை வெளியே தள்ளத்தான் அந்த இருமல்.

யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அதனால் எந்தப் பயனும் இல்லை. இருமுகிறார் என்றால் இரும விட்டாலே போதும். ஆனால் இருமவும் முடியாமல், பேசவும் முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு திணறினால் அது வேறு விஷயம். உடனே அவரை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். அப்படியும் வெளியே வரவில்லை என்றால், பின்னால் நின்று இரு கைகளாலும் அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. தலை தாழ்ந்திருக்கும்படி கையில் கவிழ்த்து முதுகில் தட்ட வேண்டும். பிறகு மல்லாத்தி, நெஞ்சின் நடுவே அழுத்த வேண்டும்.

கேள்வி: தலைகீழாக நின்றுகொண்டு சாப்பிட்டாலும் உணவு உள்ளே போகுமா?

போகும். உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். கவளத்துக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, அலை அலையாக அது உணவைத் தள்ளிக்கொண்டு போகிறது. பத்து நொடிக்குள் கவளம் இரைப்பையைச் சேர்ந்துவிடும். புவியீர்ப்பு உதவுகிறது, ஆனால் அது இல்லாமலும் வேலை நடக்கும். விண்வெளி வீரர்கள் சாப்பிடுவது இந்த அலைகளை நம்பித்தான்.

கேள்வி: இரைப்பை உண்மையில் என்ன செய்கிறது?

முதலில், அது ஒரு சேமிப்பறை. ஒரு வேளைச் சாப்பாட்டை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிறது. வைத்திருக்கும் நேரத்தில் நிமிடத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் பிசைகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கிறது. உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவை அதில் செத்துவிடும். பருப்பிலும் தயிரிலும் உள்ள புரதத்தை வெட்டுவது பெப்சின் என்ற நொதி. அமிலம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது.

இப்படிக் கூழான உணவு, இரைப்பையின் கீழ்வாயில் இருக்கும் வளையத் தசை வழியாகச் சிறுகச் சிறுக இறங்குகிறது. தண்ணீர் சீக்கிரம் போய்விடும். சோறு, பருப்புச் சாப்பாடு காலியாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கலாம். கொழுப்பு அதிகமானால் இன்னும் தாமதமாகும்; சிறுகுடலில் கொழுப்பு இருப்பது தெரிந்ததும், "மெதுவாக அனுப்பு" என்று இரைப்பைக்குத் தகவல் போகிறது. நெய் மிதக்கும் வெண்பொங்கல் சாப்பிட்ட அன்று மதியம் வரை பசி எடுக்காததற்கு இதுதான் காரணம்.

உயிர் வாழ இரைப்பை கட்டாயமா என்றால், இல்லை. புற்றுநோயால் முழு இரைப்பையையும் எடுத்துவிட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிட்டு வாழ்கிறார்கள். ஒன்றை மட்டும் அவர்கள் வாழ்நாள் முழுக்க வெளியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்: வைட்டமின் பி12. அதைக் குடல் உறிஞ்சுவதற்குத் தேவையான புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது.

கேள்வி: உள்ளே நடப்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1822 ஜூன் மாதம், அமெரிக்காவின் மேக்கினாக் தீவில், மென்முடித் தோல் வணிகத்தில் கூலி வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் காயம் முழுதாக மூடவில்லை. வெளியிலிருந்து பார்த்தாலே இரைப்பையின் உட்புறம் தெரியும்படி ஒரு துளை நிலைத்துவிட்டது.

போமான்ட் பட்டு நூலில் இறைச்சித் துண்டையும் காய்கறியையும் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரை எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, அதில் இறைச்சியைப் போட்டார். உடம்புக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் என்பது வெறும் அரைப்பு அல்ல, வேதியியல் என்பதற்கு அது கண்கூடான சான்றாக இருந்தது. செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்தால் செரிமானம் தடுமாறுவதையும் அவர் குறித்துவைத்தார். 1833-இல் இவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது மருத்துவரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. செயின்ட் மார்ட்டின் எழுதப் படிக்கத் தெரியாத ஏழை. மருத்துவர் வீட்டில் வேலைக்காரராகவும் இருந்துகொண்டு சோதனைக்கும் உட்பட வேண்டியிருந்தது. அந்தத் துளையோடு அவர் 1880 வரை வாழ்ந்தார். மருத்துவர்கள் உடலை எடுத்துப் போய்விடக் கூடாது என்று, குடும்பத்தார் உடல் அழுகத் தொடங்கும் வரை வைத்திருந்து, பிறகு ஆழமான குழியில் அடக்கம் செய்தார்கள்.

கேள்வி: இவ்வளவு அமிலம் இரைப்பையையே ஏன் அரிப்பதில்லை?

உட்சுவரை ஒரு சளிப்படலம் மூடியிருக்கிறது. அதற்குள் பைகார்பனேட் என்ற காரப்பொருள் கலந்திருப்பதால், சுவரை நெருங்கும் அமிலம் வலுவிழந்துவிடுகிறது. போதாததற்குச் சுவரின் மேற்புறச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகின்றன.

இந்தப் பாதுகாப்பைக் குலைக்கும் ஒரு பொருள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது: வலி மாத்திரை. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் வலியைக் குறைக்கும் அதே செயலால் சளிப்படலத்தின் சுரப்பையும் குறைக்கின்றன. மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாகவே மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் பெரியவர்கள் ஏராளம். வலியே தெரியாமல் புண் வந்து, ரத்தம் கசிந்து, மலம் தார் போலக் கறுப்பாகப் போகும்போதுதான் விஷயம் தெரியவரும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். இதய நோய்க்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: காரம் சாப்பிட்டால் அல்சர் வருமா?

வராது. அல்சருக்கு இரண்டு முக்கியக் காரணங்கள். ஒன்று மேலே சொன்ன வலி மாத்திரைகள். இன்னொன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது, மன உளைச்சலும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்றே 1980-கள் வரை மருத்துவ உலகம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் நோயாளிகளின் இரைப்பையில் இந்தப் பாக்டீரியாவைக் கண்டார்கள். யாரும் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவை வளர்த்த கரைசலைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, வாய்நாற்றம். உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது இரைப்பை அழன்றிருந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இந்த வகை அல்சரை இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டே குணப்படுத்த முடிகிறது. எனவே "அல்சர், காரத்தைக் குறைத்தேன்" என்று வருடக்கணக்கில் தயிர்சாதத்திலேயே காலம் தள்ளுபவர்கள், அந்தப் பாக்டீரியாவுக்குப் பரிசோதனை செய்துகொள்வதுதான் முறை.

சரி, காரம் ஏன் எரிகிறது? மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டிவிடுகிறது. மூளை அதைச் சூடு என்றே எடுத்துக்கொள்கிறது. ஏற்கெனவே புண் இருப்பவருக்கு எரிச்சல் கூடும், அவ்வளவுதான். கேப்சைசின் முழுவதும் செரித்துவிடுவதில்லை என்பதாலும், அதே நரம்பு முனைகள் ஆசனவாயிலும் இருப்பதாலும் மறுநாள் காலையில் அங்கேயும் எரிகிறது.

கேள்வி: நெஞ்சில் எரிச்சல், வலி. கேஸ்தானே?

இந்தக் கேள்வியை நிதானமாகப் படியுங்கள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு வளையத் தசை இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறி நெஞ்சு எரியும், புளித்த ஏப்பம் வரும். வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பது, உடல் எடை, கர்ப்பம், புகை, மது எல்லாம் இதைக் கூட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, தலைமாட்டை உயர்த்தி, இடது பக்கமாகப் படுத்தால் பெரும்பாலோருக்குக் குறையும்.

ஆனால் மாரடைப்பும் இதே இடத்தில், இதே மாதிரி வரலாம். இதயத்தின் வலியையும் உணவுக்குழாயின் வலியையும் நரம்புகள் பிரித்துச் சொல்வதில்லை. நடு நெஞ்சில் அழுத்துவது போலவோ இறுக்குவது போலவோ வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, வியர்த்துக் கொட்டுவது, மூச்சுத் திணறல், நடந்தால் கூடுவது, இவற்றில் எது இருந்தாலும் சோடா குடித்துப் பார்ப்பது, இஞ்சிச் சாறு குடித்துப் பார்ப்பது, காலை வரை பொறுத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, இ.சி.ஜி. எடுக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வலி தெளிவாக இல்லாமல் வெறும் குமட்டலாகவும் மேல்வயிற்று உப்புசமாகவும் வரக்கூடும். ஏப்பம் விட்டதும் கொஞ்சம் லேசானது போலிருந்தால்கூட மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. இ.சி.ஜி. எடுத்து, அது கேஸ்தான் என்று தெரியவந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடுமா?

கெடாது. அமிலம் தேவைக்கேற்பச் சுரந்துகொண்டே இருக்கும். சோற்றிலும் சாம்பாரிலும் ரசத்திலும் இருப்பதும் பெரும்பகுதி தண்ணீர்தானே!

கேள்வி: சிறுகுடலில் அப்படி என்னதான் நடக்கிறது?

கிட்டத்தட்ட எல்லாமே. மணி மூன்று என்று வைத்துக்கொள்வோம். புளிப்பான கூழ் முன்சிறுகுடலுக்குள் இறங்குகிறது. அங்கே இரைப்பையில் இருப்பது போன்ற சளிக்கவசம் இல்லை, ஆகவே அமிலத்தை உடனே அடக்க வேண்டும். குடல் சுவர் செக்ரெட்டின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. அது கணையத்தை எட்டியதும் கணையம் பைகார்பனேட் நீரை ஊற்றி அமிலத்தைச் சமன் செய்கிறது. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். நரம்பின் உதவியே இல்லாமல், ரத்தம் வழியாக ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்குத் தகவல் சொல்ல முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905-இல் வைத்தார். இன்சுலின், தைராய்டு என்று இன்று நாம் பேசும் ஹார்மோன் அறிவியல் முழுவதும் சாப்பாட்டின் புளிப்பைச் சமாளிக்கும் இந்தச் சின்ன ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது. எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

கணைய நீரில் மூன்று வகை உணவுக்கும் நொதிகள் உண்டு. சோற்றின் மாவுச்சத்து கடைசியில் குளுக்கோஸாகிறது. பருப்பின் புரதம் அமினோ அமிலங்களாகிறது. நெய்க்கு மட்டும் கூடுதல் உதவி வேண்டும், அது தண்ணீரில் கலக்காது அல்லவா? கல்லீரல் தயாரித்துப் பித்தப்பையில் சேர்த்துவைத்த பித்தநீர் அப்போது வந்து இறங்குகிறது. எண்ணெய்ப் பாத்திரத்தில் சோப்பு செய்கிற வேலையை அது நெய்யில் செய்கிறது. பெரிய துளிகளைப் பொடித் துளிகளாக உடைக்கிறது. பிறகு லைபேஸ் நொதி அவற்றைப் பிரிக்கிறது. வேலை முடிந்த பித்த உப்புகளில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே போய்ச் சேருகின்றன.

அடுத்தது உறிஞ்சும் வேலை. சிறுகுடலின் உட்புறம் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மடிப்பின் மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விரல் போன்ற குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றின் செல்களிலும் அதைவிட நுண்ணிய இழைகள். விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப்புத்தகங்களில் நெடுநாள் எழுதிவந்தார்கள். 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுண்ணோக்கியால் அளந்து கணக்கிட்டபோது, முழு உணவுப்பாதைக்கும் சேர்த்தே சுமார் 30 சதுர மீட்டர்தான் வந்தது. அதில் மிகப் பெரும்பகுதி சிறுகுடலுடையது. அதுவும் ஒரு மனிதனின் வயிற்றுக்குள் அடங்கியிருப்பது ஆச்சரியம்தான்!

குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் ரத்தத்தில் சேர்ந்து நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கொழுப்பு மட்டும் நிணநீர்க் குழாய்கள் வழியாகச் சுற்றிப்போய்க் கழுத்தருகே ரத்தத்தில் கலக்கிறது.

கேள்வி: பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனி நெய், எண்ணெய் செரிக்குமா?

செரிக்கும். பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல், பித்தப்பை வெறும் சேமிப்பிடம். அது இல்லாதபோது பித்தநீர் நேராகக் குடலில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கும். முதல் சில வாரங்கள் எண்ணெய்ப் பண்டம் அதிகமானால் பேதியாகலாம். பிறகு பெரும்பாலோர் எல்லாமே சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: பேதியாகும்போது தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகுமே, ஏன் கொடுக்கச் சொல்கிறார்கள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். நாம் குடிப்பதும் சாப்பாட்டில் இருப்பதுமாக ஒரு நாளைக்கு 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே இன்னும் 6, 7 லிட்டர் சேர்க்கிறது. ஆக எட்டு ஒன்பது லிட்டர். இதில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மீதி அத்தனையும் திரும்ப உறிஞ்சப்படுகிறது, பெரும்பகுதி சிறுகுடலிலேயே. இந்த உறிஞ்சல் தடுமாறினாலோ குடல் அளவுக்கு மீறிச் சுரந்தாலோ வருவதுதான் பேதி. காலரா முற்றினால் ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல்கூடப் போகும். சாவு வருவது இந்த நீரிழப்பால்தான். ஆகவே போகிற நீரை ஈடுகட்டுவதுதான் வைத்தியம்.

ஆனால் வெறும் தண்ணீர் போதாது. சிறுகுடல் செல்லில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது திறக்கும். அவை உள்ளே போகும்போது தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். காலராக் கிருமியின் நஞ்சு குடலில் எவ்வளவோ கெடுத்தாலும் இந்த வாசலை மட்டும் கெடுப்பதில்லை. உப்பையும் சர்க்கரையையும் சரியான அளவில் தண்ணீரில் கலந்து கொடுத்தால் காலரா நோயாளியின் குடலும் நீரை உறிஞ்சும்.

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் உள்ள போங்கான் (Bangaon) நகரில் அகதிகள் லட்சக்கணக்கில் குவிந்தார்கள். காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மஹலானபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைப் பெரிய டிரம்களில் வைத்து, நோயாளியின் அம்மாவும் அண்ணனும் தங்கையும் டம்ளரில் மொண்டு கொடுக்கும்படி செய்தார். முன்பு 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று 'லான்செட்' மருத்துவ இதழ் 1978-இல் எழுதியது. அவர் 2022-இல் காலமானார். மறு வருடம் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய விருது.

நாம் செய்ய வேண்டியது சுலபம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதன் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுவதையும் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலம், பாதித் தண்ணீர் என்று கண்ணளவு வேண்டாம். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் கொடுக்கலாம். அதன் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாகி அதே வாசலைத் திறக்கும். குளிர்பானமும் பாட்டில் ஜூஸும் வேண்டாம், சர்க்கரை மிகுந்தால் அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பிறகும், சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும். கண் குழிந்து, சிறுநீர் வெகுநேரம் போகாமல், குழந்தை துவண்டு கிடந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறது, தயிர் ஒன்றும் செய்வதில்லையே?

பாலில் இருக்கும் லாக்டோஸ் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவம் கழிந்ததும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. உலகின் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இப்படித்தான், எனவே இது நோயல்ல. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகி வாயுவாகிறது. தயிரில் உறைபாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகின்றன. மீதியைக் குடலுக்குள் வந்தும் உடைத்துத் தருகின்றன.

கேள்வி: பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை சாப்பிட்டால் ஏன் வாயு?

இவற்றில் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை உடைக்கும் நொதி எந்த மனிதனுக்கும் கிடையாது. அவை பெருங்குடலுக்கு அப்படியே வந்து சேர, பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேன் உண்டாகும். இவற்றுக்கு வாடை இல்லை. வாடை வருவது மிகக் குறைந்த அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களால். இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்தால் குறையும். முளைகட்டினாலும் குறையும். வாயுவுக்கு நல்லது என்று பூண்டை அள்ளிப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள ஃப்ரக்டான்களும் இதே வழியில் வாயுவாகின்றன.

வாயு வருகிறதே என்று பருப்பை ஒதுக்கிவிடாதீர்கள். அதே புளிப்பில் கிடைக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கிய உணவு.

கேள்வி: பெருங்குடலில் வேறென்ன வேலை?

மிச்சமிருக்கும் ஒன்றரை லிட்டர் போல நீரை உறிஞ்சுவது, கழிவைக் கெட்டியாக்குவது, பாக்டீரியாக்களுக்கு இடம் தருவது. நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள், பெரும்பாலானவை இங்கேதான். மலத்தின் உலர்ந்த பகுதியில் கணிசமான பங்கு பாக்டீரியாக்களே. அவரைக்காயின் நார் இந்த இடத்தை எட்டுவதற்குள் இரவாகிவிடும். வெளியேற மறுநாளோ அதற்கு மறுநாளோ ஆகும்.

காலையில் காபி குடித்ததும் கழிப்பறை ஞாபகம் வருவதற்கும் காரணம் உண்டு. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் பலமாகச் சுருங்குகிறது. இப்போது குடித்த காபி வெளியே போவதில்லை. நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது நகர்கிறது.

கேள்வி: தினமும் போகாவிட்டால் மலச்சிக்கலா?

அப்படி இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்புதான். முக்கியம், கஷ்டப்படாமல் போகிறதா என்பது. முக்கி முக்கிப் போவது, கட்டி கட்டியாகப் போவது, முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு இவைதான் மலச்சிக்கலின் அடையாளம். ஒரு நாளைக்கு 25 கிராமாவது நார்ச்சத்து வேண்டும். கீரை, அவரை, கொய்யா, கம்பு, கேழ்வரகு என்று நம்மிடம் இல்லாத நாரா? தீட்டிய வெள்ளை அரிசியை மலையாகவும் பொரியலைக் கடுகளவாகவும் பரிமாறுவதுதான் பிரச்சினை.

குந்தி உட்காரும்போது, மலக்குடலை முன்னோக்கி வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் சிரமப்படுபவர்கள் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டுப் பார்க்கலாம்.

நிறத்தையும் கவனியுங்கள். பழைய ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து பித்தத்தில் கலக்கும் நிறமிதான் மலத்தின் பழுப்பு நிறம். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று பொருள். பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும், இரும்புச்சத்து மாத்திரையால் கறுக்கும், இவற்றால் பயமில்லை. இவை இல்லாமலேயே சிவந்தாலும் கறுத்தாலும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் போகும் பழக்கமே திடீரென்று மாறினாலும், மூலம் என்று நீங்களாக முடிவு கட்டாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பசிக்கும்போது வயிறு உறுமுவது ஏன்?

இரைப்பையும் சிறுகுடலும் காலியானதும், ஒன்றரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பலமான அலை மேலிருந்து கீழ்வரை ஓடி, மிச்சம் மீதியைத் துடைத்துக்கொண்டு போகிறது. காற்றும் நீரும் மட்டும் இருக்கும் குழாயில் அது சத்தமாகக் கேட்கிறது. இடைவிடாமல் கொறித்துக்கொண்டே இருந்தால் இந்தத் துடைக்கும் அலை வராது.

கேள்வி: குழந்தை புளியங்கொட்டையை விழுங்கிவிட்டது. வயிற்றில் முளைக்குமா?

முளைக்காது. சின்ன விதை, சின்ன நாணயம் போன்றவை இரைப்பையை அடைந்துவிட்டால் பெரும்பாலும் சில நாட்களில் தானாக வெளியே வந்துவிடும். குழந்தைக்கு மூச்சுத் திணறலோ எச்சில் விழுங்க முடியாமல் வடிவதோ வாந்தியோ இருந்தால் மட்டும் உடனே போக வேண்டும்.

ஆனால் பொம்மையிலும் ரிமோட்டிலும் கைக்கடிகாரத்திலும் இருக்கும் பட்டன் பேட்டரிக்கு இது பொருந்தாது. அது உணவுக்குழாயில் சிக்கினால் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்தில் காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துவிடும். ஒன்றுக்கும் மேற்பட்ட காந்தங்களை விழுங்கினாலும் ஆபத்து. குடலின் இரண்டு மடிப்புகளை நடுவில் வைத்து அவை ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்பதோ விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதோ வேண்டாம். குழந்தை நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், விழுங்கியது என்ற சந்தேகம் வந்த உடனே எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் இருக்கும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.